மீதி இரண்டு லிட்டர்

மூக்கைக் கவ்விய கிளிப்போடு வேட் இரண்டாம் முறையாக மூச்சுப் பரிசோதனை மிஷினின் குழாயை வாயில் வைத்தான்.

நெஞ்சு நிறைய இழுத்தான். வெளியே விடும்போது மட்டும் அமுக்கவில்லை. சூப்பை ஆற்றுகிற பக்குவத்தில் விட்டான்.

திரையில் 2.1 என்று வந்தது. முதல் ஊதலிலும் அதேதான்.

அவன் உயரத்துக்கும் முப்பத்தொன்பது வயதுக்கும் முதல் விநாடியில் நாலு லிட்டர் வெளியே வர வேண்டும் என்று பரிசோதனை செய்யும் லவோனா தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாள். ஆக, மீதி இரண்டு லிட்டர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

யோசனை அவன் மனைவி மிஸ்ஸி கொடுத்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் பதினேழு வருஷம் கூரைப் பாறை இடிந்து விழாமல் துளைத்து ஆணி முடுக்கியாகிவிட்டது, போதும் என்றாள். நுரையீரல் கெட்டுவிட்டது என்று ஒரு காகிதம் வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை வரும், மறுபடி கீழே இறங்க வேண்டாம். கம்பெனி வக்கீல்கள் இந்த மலை ஜனங்களையே ஏமாற்றுகிறார்கள், ஒரு தடவை நாம் ஏமாற்றினால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்டாள்.

அவள் டாக்டர் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போகிறவன், ஏமாற்றலாம் என்றதும் தொப்பியை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டான்.

மற்றபடி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. இருமல் உண்டு. கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் இருமல் இல்லாத ஆண்பிள்ளை யார்?

லவோனா திரையை அவன் பக்கம் திருப்பினாள். உண்மையாக ஊதினால் கோடு எடுத்த எடுப்பில் குத்திட்டு எழ வேண்டும். அவனுடையது சின்ன மேடு மாதிரி படுத்துக் கிடந்தது.

"கண்ணு, இந்த நாற்காலியில உன்னைவிட நல்லா நடிச்சவங்கல்லாம் உக்காந்து எழுந்து போயிருக்காங்க. கம்பெனி வக்கீல் இதைப் பாத்தா உன் மனுவைக் கிழிச்சு மூக்கு சிந்துவான். ஒழுங்கா ஊதுறதுன்னா ஊது, இல்லைன்னா வீட்டுக்குப் போ."

கதவுக்கு வெளியே காத்திருந்த கிழவர் ஒருவருக்கு அது கேட்டுவிட்டது. பையன் முன்னால் ஒரு கேக்கும் மெழுகுவர்த்தியும் வைத்துப் பார், அப்போது ஊதுவான் என்றார். நடைபாதையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேடுக்குக் காது சுட்டது. மனு நாசமாகப் போகட்டும். நாலு லிட்டரையும் இவர்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போகலாம்.

மூன்றாம் முறை அவன் எதையும் ஒளிக்கவில்லை. விலா விரிய இழுத்தான். வயிற்றை இறுக்கி ஒரே வீச்சில் ஊதினான். விடாதே, விடாதே, இன்னும், இன்னும் என்று லவோனா காதருகில் கத்தினாள். கண்ணுக்குள் பொறி பறந்தது.

கோடு குத்திட்டு எழுந்தது. எழுந்த வேகத்தில் குழிந்து சரிந்தது.

1.9.

மிஷினில் கோளாறு என்றான். அவள் மூன்று லிட்டர் காற்று அடைத்த பெரிய பம்ப்பை மாட்டி ஒரே தள்ளாகத் தள்ளிக் காட்டினாள். மிஷின் மூன்று என்றது.

மறுபடி ஊதினான். 1.9. மறுபடி. 1.88.

இப்போது லவோனாவின் குரல் இறங்கியிருந்தது. பெரிய மூச்சுக் குழல்களுக்குக் குருத்தெலும்பு வளையம் இருக்கிறது, நுனிக் கிளைகளுக்கு அது கிடையாது என்றாள். சுற்றியிருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள்தான் நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து அந்தக் கிளைகளைத் திறந்து வைக்கின்றன. தூசு அந்தப் பைகளைத் தின்றுவிட்டால் பிடிப்பு போய்விடும். மெதுவாக விட்டால் காற்று எப்படியோ நழுவி வந்துவிடும். அமுக்கி ஊதினால் வழியே மூடிக்கொள்ளும்.

அதற்கு மேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிடிப்பு இல்லாத கூரை என்ன செய்யும் என்பது அவன் தொழில்.

"இன்னொரு தடவை," என்றான்.

எட்டு முறைக்கு மேல் ஊதவிட மாட்டார்கள். எட்டையும் ஊதினான். கடைசி ஊதலில் உதடு நீலம் பாரித்துவிட்டது; லவோனா குழாயைப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது.

நடித்த இரண்டும்தான் எட்டில் பெரியவை.

மனு இனி நிற்கும் என்று அவள் காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி முப்பது தப்படி தூரத்தில் நின்றது. பாதியில் வேட் ஒரு காலை நடைபாதை விளிம்பில் தூக்கி வைத்து, ஷூ கயிற்றைச் சரிசெய்யக் குனிந்தான்.

கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. மூச்சுதான் வாங்கியது.

எத்தனை நாளாக இப்படிப் பாதி வழியில் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று குனிந்தபடியே எண்ணிப் பார்த்தான். போன குளிர்காலத்துக்கும் முந்தைய குளிர்காலம் வரை எண்ணம் போயிற்று.

மிஸ்ஸி வண்டிக்குள்ளிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நிமிரும்வரை அவசரப்படுத்தவில்லை. நன்றாக நடித்தாயா என்றும் கேட்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியை ஓட்டுவது அவன்தான்; இங்கே வந்ததும் அப்படித்தான். இப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்துக் கண்ணாடிகளையும் திருப்பி வைத்தாகிவிட்டது.