மூன்று நாள் ரிசல்ட்

"இனி மூணு நாள் காத்துக் கெடக்க வேணாம்மா. உங்க யூரின்ல என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு புது மிஷின் சாயங்காலமே சொல்லிரும்" என்றாள் லேப் டெக்னீசியன் பிரெசில்லா.

பெரியபட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த சூஃபியாவின் முகம் தொங்கிப்போனது. "பழைய மாதிரியே போடும்மா."

பிரெசில்லாவுக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக ஒவ்வொரு சாம்பிளையும் பழைய முறையிலும் மிஷினிலும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தவளே அவள்தான். "இதுவரைக்கும் மிஷின் தப்பாச் சொன்னதில்லம்மா."

"தப்புன்னு நான் சொன்னேனா?" என்று பெஞ்சில் உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை எழவில்லை.

கிருமியே இல்லை என்றது மிஷின். பிரெசில்லா சிரித்த முகமாக வெளியே வந்தபோது, சூஃபியாவின் போனில் துபாயிலிருந்து மகன் குரல் கேட்டது.

"ரிசல்ட் வந்துருச்சா உம்மா?"

சூஃபியா பிரெசில்லாவைக் கையமர்த்தினாள். "இன்னும் மூணு நாளாகும்ப்பா."

"அப்ப நாளைக்கும் கூப்புடுறேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டாள். "போன வருசம் ஒண்ணுமில்லன்னு ரிசல்ட் வந்துச்சு. அதோட அவன் போனும் நின்னுபோச்சு."

பிரெசில்லா காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பழைய டெஸ்ட்டும் போட்டுருக்கேம்மா. அதுக்கு மூணு நாளாகும்."