கையை எடுக்காத கலெர்வோ

"கையை எடுக்கிறானா பாரு, மனுஷன்!" என்று ஐலாவின் இடுப்பில் இடித்தாள் அவள் தோழி ஹில்க்கா.

ஐலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஏரிக்கரை நடனக் கொட்டகையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கலெர்வோவின் வலது கை, அவனோடு ஆடிக்கொண்டிருந்த கைசுவின் முதுகில் நட்டநடுவே அப்பிக்கொண்டிருந்தது. அவளோ கண்ணை இறுக மூடி, அவன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நாலாவது பாட்டுடி!" என்றாள் ஹில்க்கா.

பின்லாந்தில் எந்தக் கொட்டகைக்குப் போனாலும் வழக்கம் ஒன்றுதான். ஒரு பெண்ணை அழைத்தால் இரண்டு பாட்டு. முடிந்ததும் அவளை இடத்தில் கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்றாவது பாட்டுக்கும் விடவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும்.

ஐலாவுக்கு வயிறு எரிந்தது. கலெர்வோ ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலக வண்டி ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வராது. ஆனால் ஜோடியாக நெஞ்சோடு ஒட்டி ஆடும் டாங்கோவை ஆட ஆரம்பித்துவிட்டால், அடடா, என்ன ஆட்டம்! சனிக்கிழமை தவறாமல் அவளை அழைப்பான். இரண்டே பாட்டு. கொண்டுவந்து விட்டுவிடுவான். மூன்றாவதுக்கு அவன் கேட்கமாட்டானா என்று ஏங்கியே அவளுக்குப் பாதிக் கோடை போய்விட்டது.

இன்றைக்கு அவளே கேட்பதாக முடிவு செய்திருந்தாள். பெண்கள் அழைக்கும் நேரம் என்று ஒன்று உண்டே! அதற்காகவே ராத்திரி முழுக்க உட்கார்ந்து நீல கவுன் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தச் சிவப்பு கவுன் கைசுவுக்கு எப்படிப் பொருந்தியிருக்கு பார்த்தியா?" என்றாள் ஹில்க்கா.

"பொருந்தாம என்ன? இந்த ஊர்ல எல்லாருக்கும் தைக்கிற நான்தானே அதையும் தைச்சேன்!" பல்லைக் கடித்தாள் ஐலா. "இடுப்பைப் பிடி, இன்னும் கொஞ்சம் பிடின்னு என் உயிரை வாங்கினா. என் தையலைப் போட்டுக்கிட்டு வந்து என் ஆளையே..."

"அட, உன் ஆளா? எப்போலேருந்து?"

ஐலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது சுவரில் 'பெண்கள் அழைக்கலாம்' என்ற பலகையில் விளக்கு எரிந்தது. பெண்கள் எல்லாரும் திபுதிபுவென்று ஆண்கள் பக்கம் பாய்ந்தார்கள்.  ஐலா நேரே தளத்தின் நடுவுக்கே போய் நின்றாள். பாட்டு முடிந்தும் அந்த இரண்டு பேரும் பிரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

"கலெர்வோ, ஆடலாமா?"

இந்த நேரத்தில் பெண் கேட்டால் எவனும் மறுப்பதில்லை. கால் சுளுக்கியிருந்தாலும் நொண்டிக்கொண்டாவது வருவான்.

கலெர்வோவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்ப... முடியாது ஐலா."

கைசு முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். யாரோ "ஓஹோ!" என்றார்கள். யாரோ சிரித்தார்கள்.

எப்படித் திரும்பி வந்தாள் என்று ஐலாவுக்கே தெரியவில்லை.

"மறுத்துட்டானா? பெண்கள் நேரத்திலயா? இவனெல்லாம் ஒரு மனுஷனா!" ஹில்க்கா கொதித்தாள்.

அடுத்து வாசித்தது துள்ளிக் குதித்து ஆடவேண்டிய பாட்டு. கொட்டகையே குலுங்கியது. அந்த ஜோடி மட்டும் ஒட்டிய நெஞ்சை விலக்காமல் ஆடி அசைந்துகொண்டிருந்தது.

"துள்ளல் பாட்டுக்கு டாங்கோ! வெட்கம் மானம் ஏதாவது இருக்கா?"

"நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள் ஐலா. "இனிமே இந்தக் கொட்டகைப் பக்கமே வரமாட்டேன்."

இடைவேளை விட்டார்கள். கூட்டம் காபிக்கும் சுட்ட தொத்திறைச்சிக்கும் ஓடியது. ஐலா பெண்கள் உடைமாற்றும் அறைக்குள் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டக் காலணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. கைசு பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தாள். அவளைப் பிடித்தபடியே, டாங்கோ நடையில், கலெர்வோ!

"அடப்பாவி! இது பொம்பளைங்க அறை!"

"தெரியும். கண்ணை மூடிக்கிட்டுத்தான் வர்றேன்," என்றான் அவன். மூடித்தான் இருந்தான். "முதல்ல கதவைச் சாத்துங்க. ஊசி நூல் வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு? ஊர் வாயைத் தைக்கவா?"

கைசு திரும்பி நின்றாள். கலெர்வோ கையை எடுத்தான். அவன் உள்ளங்கையில் ஜிப்பின் பல் பல்லாகத் தடம் பதிந்திருந்தது.

சிவப்பு கவுன் கழுத்திலிருந்து இடுப்பு வரை பப்பரப்பா என்று பிளந்துகொண்டது.

"ரெண்டாவது பாட்டுலயே போச்சுடி!" கைசு அழுகிற குரலில் சொன்னாள். "இவர் மட்டும் பிடிச்சுக்கலைன்னா என் மானமே போயிருக்கும்."

ஐலா குனிந்து பார்த்தாள். ஜிப் அறுந்திருக்கவில்லை. துணி கிழிந்திருக்கவில்லை. ஓரத்தில் தற்காலிகமாக ஓட்டிய வெள்ளை நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நீல கவுனை முடிக்கிற அவசரத்தில், இந்த ஜிப்பை மெஷினில் வைத்து அடிக்கவே மறந்திருக்கிறாள்!

கைப்பையைக் கொட்டி ஊசியைத் தேடி எடுத்தாள். நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

"நான்தான் பக்கத்திலயே வந்து நின்னேனே, கலெர்வோ. காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

"நானும் அதைத்தான் கெஞ்சினேன். இவர் கேட்டால்தானே!" என்றாள் கைசு.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற கலெர்வோவின் காது இரண்டும் சிவந்தன.

"சொல்லியிருந்தா அங்கயே ஊசியை எடுத்திருப்பீங்க. ஊரே கூடியிருக்கும். கூடினா, முதல் கேள்வியே 'இதை யார் தைச்சது?'ன்னுதானே வரும், ஐலா?"