கண்டக்டர் கேட்ட கேள்வி

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. சனிக்கிழமை கேள்வி நேரத்துக்கு இனிமே அந்தக் கண்டக்டரை விடவேண்டாம்."

ரிசப்ஷன் பெண் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். முடித்ததும் நிஜமாகவே மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ஏம்மா, என்ன பண்ணார்?"

"வாராவாரம் ஒரு புது வியாதியோட வர்றார். போன வாரம், இருமினா சிறுநீர் கசியுதுன்னார். அதுக்கு முந்தின வாரம், சுகர் மாத்திரையைப் போடாமலே போட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்றேன்னார். மத்தவங்க சிரிக்கறாங்க. அவருக்குக் கொஞ்சமாவது வெக்கம் வேணாமா? போதாக்குறைக்கு, என் மேஜைக்கு எதிர்லயே உட்கார்ந்துக்கிட்டு என்னையே பார்க்கறார்."

"இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், பார்க்கலாம். நீ ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே?"

"ராத்திரி சரியாத் தூங்கல டாக்டர்."

பொய். அடித்துப்போட்ட மாதிரிதான் தூங்கினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மாடியிலிருக்கும் லேபுக்கு ரிப்போர்ட் வாங்கப் போனால் நடுவழியில் இரண்டு தரம் நின்றுதான் ஏற முடிகிறது. ஆனால் ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு மாதம் இன்றோடு முடிகிறது. நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்க வந்தவளே நோயாளி என்று தெரிந்தால் யார் வைத்துக்கொள்வார்கள்?

சனிக்கிழமைகளில் தன் அறைக்குள் போவதற்கு முன்னால் டாக்டரம்மா காத்திருப்போர் மத்தியில் கால் மணி நேரம் நிற்பார். யாரும் எதையும் கேட்கலாம்.

"டாக்டர், வெறும் வயித்துல காபி குடிக்கலாமா?"

"குடிச்சா என்ன ஆகுது?"

"எரியுது."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க? உங்க வயிறே பதில் சொல்லிடுச்சே."

இன்னொருவர் எழுந்தார். "பிரஷர் நார்மலா இருக்கு டாக்டர். மாத்திரையை நிறுத்திடலாமா?"

"மழையில குடை பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. நனையலையேன்னு பாதி வழியில குடையை மடக்கிடுவீங்களா?"

மனிதர் அசடு வழிய உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் கண்டக்டர். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்றாலும் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"டாக்டர், எனக்கு ஒரு மாசமா சாக்பீஸ் தின்னணும்னு ஆசை. தின்னும் பார்த்துட்டேன். மாடி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துது."

கூடமே சிரித்தது. "பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேர்ந்துடுங்க சார், மூணு வேளையும் கிடைக்கும்!" என்றது ஒரு குரல்.

ரிசப்ஷன் பெண் சிரிக்கவில்லை. அவள் கை தானாக மேஜை டிராயரை மூடியது. பலகையில் டோக்கன் நம்பர் எழுதக் கொடுத்த சாக்பீஸ் பெட்டியில் பாதி காலி. அதில் எழுதிக் கரைந்தது எத்தனை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். புத்தி பிசகிவிட்டதோ என்று அவள் பயந்துகொண்டிருந்த விஷயம் அது.

பாவம், இந்த மனுஷருக்கும் இதே கஷ்டமா? காலையில் கோள் சொன்னதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை. "இதுல கேலி பண்ண ஒண்ணுமே இல்ல. இரும்புச்சத்து ரொம்பக் குறைஞ்சா சிலருக்கு இப்படி சாக்பீஸ், மண், ஐஸ்கட்டின்னு எதையாவது மெல்லத் தோணும். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தா தெரிஞ்சுடும். சரியாகக்கூடியதுதான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலமே மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் தெரியவேண்டாம்.

"ஆனா ஒண்ணு. நீங்களா கடையில மாத்திரை வாங்கிப் போட்டுக்காதீங்க. சத்து ஏன் குறைஞ்சதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். உள்ளுக்குள்ள எங்கயாவது ரத்தம் போய்க்கிட்டிருந்தா, அதைக் கவனிக்காம விட்டுடுவோம்."

அவள் முகம் மறுபடி வாடியது.

கேள்வி நேரம் முடிந்ததும் கண்டக்டர் டாக்டரம்மாவின் பின்னாலேயே அறைக்குள் போனார். ஒரே நிமிஷத்தில் வெளியே வந்து, அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார்.

மதியம் கூட்டம் ஓய்ந்தது. அவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கண்டக்டர் பெயரை எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க டாக்டர். பாவம், அவர் சீட்டு வாங்காமலே போயிட்டார்."

"அவருக்கு எதுக்கும்மா டெஸ்ட்? போன மாசம்தான் முழுசாப் பார்த்தேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கு. சுகர் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அப்போ இத்தனை நாளா கேட்டதெல்லாம்?"

"பக்கத்துல இருக்கறவங்களோடது. முப்பது வருஷம் பஸ்ல ஓடினவர். இறங்கற இடம் வந்தும் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு நிக்கறவங்க முகம் அவருக்குத் தெரியுமாம். அவங்க கேக்காமலே விசில் ஊதிடுவாராம். போன வாரம் அவர் கேட்டப்போ எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? அந்தச் சிரிச்சவங்கள்ல மூணு பேர் அப்புறம் தனியா வந்து காட்டிட்டுப் போனாங்க."

அவள் சீட்டில் தான் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள்.

"காலையில உள்ள வந்து இன்னொரு கேள்வியும் கேட்டார். இந்தக் குறை இருக்கற ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பிடுவீங்களான்னு."

"நீங்க... என்ன சொன்னீங்க டாக்டர்?"

"அந்தப் பொண்ணுக்கு இன்னையிலேர்ந்து வேலை நிரந்தரம்னு சொன்னேன். சீட்டுல பேரை மாத்தி எழுதிக் கொடும்மா, கையெழுத்துப் போடறேன்."