பக்கத்து வளவுக்கு ஒரு துவக்கு

"பக்கத்து வளவுச் செல்வநாயகம் துவக்கு வாங்கப் போறாராம்" என்று மனைவி சிவக்கொழுந்து சொன்னபோது, ஏரம்பு சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்துவிட்டார்.

"என்னத்துக்காம்?"

"வயலிலை சிறகி விழுகுதாம். சுடப் போறாராம்."

சிறகி என்கிற காட்டு வாத்து, கரவெட்டி வயல்களில் நெல் தின்ன மாரிக்கு மாரி விழுவதுதான். தகரம் தட்டுவார்கள், சீனவெடி கொளுத்துவார்கள். அதற்கென்று துவக்கு வாங்கியவர் அந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சிவக்கொழுந்து பயந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. மூன்று வருசத்துக்கு முன்னர் ஏரம்பு கண் ஒப்பரேசனுக்குப் போயிருந்த கிழமையில்தான் செல்வநாயகம் நடுவேலியைப் புதிதாக அடைத்தார். ஏரம்பு கண்கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்து பார்த்தால், வேலிக் கதியால்கள் நாலடி இந்தப் பக்கம் நடந்து வந்திருந்தன. நல்ல காய் காய்க்கும் கறுத்தக்கொழும்பான் மாமரம் அந்தப் பக்கம் போய்விட்டது. ஏரம்பு வழக்குப் போட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. தை மாதம் வழக்கு விளக்கம். காணி ஏரம்புவுக்குத்தான் என்று அவருடைய லோயர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"சிறகிக்கோ, உங்களுக்கோ, ஆர் கண்டது? நீங்கள் இல்லையெண்டால் வழக்கும் இல்லை" என்றாள் சிவக்கொழுந்து.

மூன்று நாள் கழித்துச் செல்வநாயகமே வேலியடிக்கு வந்து, "அண்ணை" என்று கூப்பிட்டார். கையில் போன். தரகர் தேவராசா மூன்று துவக்குகளின் படம் அனுப்பியிருக்கிறாராம். தனக்கு இதுதான் முதல் துவக்கு, கையில் பெரிய காசும் இல்லை, எதை எடுக்கிறதென்று விளங்கவில்லை என்றார். அண்ணையின் வயலும் பக்கத்து வயல்தானே, சிறகி போனால் இரண்டு பேருக்கும் நல்லது என்றும் சொன்னார்.

துவக்கைத் தொட்டே பார்த்திராத ஏரம்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று படத்தையும் பெருப்பித்துப் பார்த்தார்.

ஒற்றைக்குழல் மலிவு. ஆனால் ஒரு வெடிதான். மற்றத் தோட்டாவைப் போடுவதற்குள் சிறகி வல்லைவெளி தாண்டிவிடும். தொடர்ந்து சுடுகிற புதுத் துவக்கை வாங்குவதென்றால் வயலில் பாதியை விற்க வேண்டும். நடுவில் இருந்தது பழைய இரட்டைக்குழல். பிடியில் கீறல், ஆனால் ஆள் பலமாய் இருந்தது.

செல்வநாயகம் தேவராசா சொன்னதையெல்லாம் ஒப்புவித்தார். முறித்துத் திறந்து, குழலுக்குள்ளால் வானத்தைப் பார்க்க வேண்டுமாம். உள்ளே துருப் புள்ளி தெரிந்தால் சும்மா தந்தாலும் வேண்டாமாம். கண்ணை மூடித் தோளில் வைத்து, பிறகு திறந்தால் பார்வை குழலோடு நேராய்ப் போக வேண்டுமாம். முழுக்காசையும் துவக்குக்கே கொடுத்துவிட்டுத் தோட்டா வாங்க வழியில்லாமல் நிற்கக் கூடாதாம்.

"யோசிக்காதையும். இரட்டைக்குழலை எடும்" என்றார் ஏரம்பு.

சிவக்கொழுந்து இதையெல்லாம் குசினி யன்னலால் கேட்டுக்கொண்டு நின்றாள். செல்வநாயகம் போனதும், தன்னைச் சுடுகிற துவக்கைத் தானே தெரிந்து கொடுக்கிற மனிசனை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றாள்.

ஏரம்பு குரலைத் தாழ்த்தினார்.

"சிறகி சுடச் சட்டம் விடாது. முதல் வெடி கேட்கட்டும், வனஜீவராசிக் கந்தோருக்குப் போன் அடிக்கிறன். தைக்கு அவர் மறியல் கம்பிக்குள்ளை, நான் வழக்குக் கோட்டுக்குள்ளை."

அடுத்த கிழமை செல்வநாயகம் படலைக்கே வந்தார். தலையைச் சொறிந்தார். லைசென்சுக்கு, இரண்டு பேருக்கும் பகையில்லை என்று ஒரு சத்தியக்கடதாசி வேண்டுமாம். அயலவனோடு பகை உள்ளவனுக்குப் பொலிஸ் துவக்குக் கொடுக்க விடாதாம். இங்கேயோ வழக்கே நடக்கிறது.

"நீங்கள் ஒப்பம் வைக்காட்டில் எனக்குத் துவக்கு இல்லை, அண்ணை."

கதவுக்குப் பின்னால் நின்ற சிவக்கொழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஏரம்பு கணக்குப் பார்த்தார். ஒப்பம் இல்லாவிட்டால் துவக்கு இல்லை. துவக்கு இல்லாவிட்டால் வெடி இல்லை. வெடி இல்லாவிட்டால் மறியல் இல்லை. சட்டையைக் கொழுவிக்கொண்டு அவரோடு புறப்பட்டார்.

சமாதான நீதவானான ஜே.பி. கடதாசியை நீட்டி, வடிவாய் வாசித்துப் பார்க்கச் சொன்னார். பொலிசுக்குப் போகிறதென்றால் ஒன்றையும் விடாமல்தான் எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஏரம்பு வாசித்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பொலிஸ் பெட்டிக்குள் கிடக்கப்போகிற கடதாசிதானே என்று, முத்திரைக்கு மேலே நீட்டி ஒப்பம் வைத்தார். வரும் வழியில் செல்வநாயகம் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தார். சுடுகிற முதல் சோடிச் சிறகி அண்ணை வீட்டுக்குத்தான் என்றார்.

மார்கழியில் சிறகி கூட்டம் கூட்டமாய் விழுந்தது. ஏரம்பு கந்தோர் நம்பரைப் போனில் போட்டு வைத்துக்கொண்டு, விடிய வெள்ளன வயல் வரம்பில் போய்க் குந்தியிருந்தார். பனியில் தும்மலும் தடிமனும் பிடித்ததுதான் மிச்சம். ஒரு வெடியும் கேட்கவில்லை. வேலியால் எட்டிப் பார்த்து, துவக்கு என்ன மாதிரி என்று விசாரித்தார்.

"அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, அண்ணை. இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் செல்வநாயகம்.

தை பிறந்தது. வழக்கு நாளில் ஏரம்பு வெள்ளை வேட்டியோடு கோட்டுக்குள் முன் வாங்கிலில் போய் இருந்தார். ஆள் மறியலுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, காணி எப்படியும் தனக்குத்தானே என்று சிவக்கொழுந்துக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

செல்வநாயகத்தின் லோயர் சாட்சி ஒருவரையும் கூப்பிடவில்லை; இப்போது நிற்கிற வேலிதான் சரியான எல்லை, அதில் தனக்கு எந்தப் பிணக்கும் இல்லை என்று வழக்காளி ஏரம்பு ஜே.பி. முன்னால் சத்தியம் பண்ணி ஒப்பம் வைத்த கடதாசியை மட்டும் எடுத்து நீதிபதியிடம் நீட்டினார்.