ஏழாம் பக்கம்

ஏழாம் பக்கத்தை ஆடு தின்றிருக்க முடியாது என்பது இசக்கிசெல்விக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஆடு காகிதத்தை ஓரத்திலிருந்து மெல்லும்; மென்றால் ஏழு பக்கத்தையும் சேர்த்தே மெல்லும். கடைசித் தாளை மட்டும் குண்டூசியிலிருந்து அலுங்காமல் உருவத் தெரிந்த ஆடு கோவில்பட்டியில் கிடையாது.

இது நான்காவது வாரம். வியாழக்கிழமை அவள் வகுப்புக்குப் போகும்போது மேசையில் முழுசாக இருக்கும் கதை, வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு பக்கம் குறைந்திருக்கும்.

"யக்கா, நெசத்தச் சொல்லு. அடுப்புப் பத்தவைக்க எடுத்தியா?"

"தீப்பெட்டி ஆபீசுல வேல பாக்குதவளுக்கு அடுப்புப் பத்தவைக்க ஒன் கதை வேணுமாக்கும்?" என்றாள் அக்கா ராதாமணி, தூக்குவாளியில் சோற்றை அமுக்கிக்கொண்டே.

ஏழு இருபதுக்குத் திருநெல்வேலி பாசஞ்சர். இன்றுதான் கதையைக் கொடுக்கக் கடைசி நாள்.

எம்.ஏ. தமிழில் அவள் எடுத்திருந்த பாடம் படைப்பிலக்கியம். அதற்குப் பரீட்சை கிடையாது. ஒரே ஒரு கதை, அதற்குத்தான் அத்தனை மார்க்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் கதையை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு மற்ற பதினோரு பேரும் அதைப் பிரித்து மேய்வார்கள். எழுதியவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. அச்சில் வந்த கதைக்கு வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்ல முடியாதல்லவா என்பார் பேராசிரியர் சுந்தரபாண்டியன்.

அவள் கதையில் கயத்தாற்று லாரி டிரைவர் ஒருவனின் மனைவி வெயிலுகந்தம்மாள். எட்டு மாதமாகப் புருஷனைக் காணோம். ஆறாம் பக்கத்துக் கடைசியில் நெடுஞ்சாலையில் ஒரு ஹாரன் சத்தம் கேட்கிறது. அவள் எழுந்து உலையில் இன்னொரு கை அரிசி போடுகிறாள்.

அதுவரை வகுப்பு அசையாமல் கேட்கும். ஏழாம் பக்கத்தில்தான் எல்லாம் கெட்டது.

முதல் வாரம் லாரி கவிழ்ந்து புருஷன் செத்துப்போனான். "ஆளக் கொன்னுட்டா கதை முடிஞ்சிருமாம்மா?" என்று கேட்டார் சுந்தரபாண்டியன். அடுத்த வாரம் அவன் பூ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். பின்வரிசையில் யாரோ கல்யாணப் பாட்டை முணுமுணுத்தார்கள். மூன்றாம் வாரம் நாக்பூரில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பவும் வலித்தது.

மூன்று முறையும் காணாமல்போன பக்கத்தை ரயிலில் மடியில் வைத்து, நினைவிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டுபோய்த்தான் இந்தப் பேச்செல்லாம் வாங்கினாள். நான்காவதாக, அவனிடமிருந்து கடிதம் வருவதாக எழுதி வைத்திருந்தாள். இப்போது அதையும் காணோம். கடிதத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

மீதித் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். ஆறு தாள்களின் வலது கீழ்மூலையிலும் பசை காய்ந்து மொறமொறவென்றிருந்தது.

"லேபிள் ஒட்டுன கையோட என் தாளத் தொடாதன்னு எத்தன மட்டம் சொல்லுதது? எட்டாங்கிளாசோட நின்னவளுக்கு இதோட அரும எங்க தெரியப்போவுது?"

ராதாமணி வாளியை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி திறந்து மூடினாள்.

மேசைக்கடியில், பாய்க்கடியில், ஆட்டுக்குப் போட்ட தழை கிடந்த மூலையில் எல்லாம் தேடினாள் இசக்கிசெல்வி. கடைசியாக, அக்கா வேலைக்குக் கொண்டுபோகும் வயர்கூடையைக் கவிழ்த்தாள். நான்காய் மடித்த நான்கு தாள்கள் விழுந்தன. நான்கும் ஏழாம் பக்கங்கள்.

"நீதானா? இந்தப் பாடம் போச்சுன்னா எம்.ஏ.யே போச்சு, தெரியுமாக்கா ஒனக்கு? நீ படிக்கலங்கதுக்காவ நானும் படிக்கக் கூடாதா?"

"கத்தாதட்டி. ஆடு மெரளுது." ராதாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் பொறுக்கினாள். "ஆபீசுல நாந்தான் கதை வாசிக்கது. நான் வாசிக்கையில என் பங்கு லேபிள மத்தவளுவ ஒட்டிருவாளுவ. ஒன் கதையத்தான் நாலு வாரமா வாசிக்கேன்."

இசக்கிசெல்வி வாயைத் திறக்கவில்லை.

"லாரி கவுந்தத வாசிச்சேன். பாவம்னாளுவ, அடுத்த லேபிள் கட்ட எடுத்து ஒட்ட ஆரம்பிச்சுட்டாளுவ. பூ வாங்கிட்டு வந்தான், நாக்பூருக்குப் போனான், அதுக்கும் அதேதான். வேண்டாம்னுதான் உருவி வச்சேன். நீ என்னன்னா ரயில்ல ஒக்காந்து திரும்பத் திரும்ப எழுதுத."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"மொத வாரமே சொல்ல வந்தேன். கதையப் பத்தி ஒனக்கென்ன தெரியும்னே."

தூரத்தில் பாசஞ்சரின் சத்தம் கேட்டது. ராதாமணி ஆறு தாள்களையும் தட்டி அடுக்கி, குண்டூசியைக் குத்தினாள்.

"நேத்து வேற செட்டுக்கு, பெட்டியில குச்சி அடைக்கவளுவளுக்கு வாசிச்சேன். அவளுவளுக்குக் கதையே தெரியாது. ஏழாவத மடிச்சு இடுப்புல செருகிட்டு வாசிச்சேன். வேல முடிஞ்சு மணி அடிச்சும் ஒருத்தியும் எந்திரிக்கல. சீனித்தாய் மதினி 'வந்தது அவந்தானா, அவந்தானா'ன்னு கேட்டுக்கிட்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வாரா."

கதையைத் தங்கையின் பைக்குள் வைத்தாள்.

"முடிவு வேண்டாம்ட்டி. ஆறு பக்கத்தோட குடுத்துரு."