பாலத்தில் முதல் வெடி

“ஆப்பிள் பை இருக்கும்னு ஆசையா அடுப்பைத் திறந்தா, உள்ளே இரும்பு வெந்துட்டிருக்கு! இதையா கடிச்சுத் தின்னணும், வெர்னா?”

“மூடு, மூடு! சூடு போயிடும். உன் துப்பாக்கித் தகடுதான் அது. பிஸ்கட் நிறம் வந்ததும் எடுக்கணும்” என்றார் வெர்னா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகக் கணவரைப் பார்த்து.

எல்வுட் அடுப்பை மூடிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சமையலறை மேஜை முழுக்க அவருடைய சக்கிமுக்கித் துப்பாக்கியின் பூட்டு, அதாவது பொறி கிளப்பும் பாகம், பிரிந்து கிடந்தது. கல்லைக் கவ்விப் பிடிக்கும் குதிரை, இரண்டு ஸ்பிரிங், ஏழெட்டுத் திருகு. தையல் மெஷின் ரிப்பேரில் முப்பது வருடம் ஓட்டிய வெர்னாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

நாளைக்கு ஊர் விழா. அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் ஓடைப் பாலத்தில் நடந்த சண்டையை வருடா வருடம் ஊரே வேஷம் கட்டி நடிக்கும். குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்து. முதல் வெடி எல்வுட்டுடையது. அது வெடித்து, சிவப்புக் கோட்டு போட்ட ஆங்கிலேயக் கேப்டன் பாலத்தில் விழுந்தால்தான் மற்றவர்கள் சுட ஆரம்பிப்பார்கள்.

போன வருடம் மூன்று முறை விசையை அழுத்தியும் ‘டிக்’ என்றதோடு சரி. கேப்டன் சாகவும் முடியாமல், நகரவும் முடியாமல் நின்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்த முறையும் சொதப்பினால் முதல் வெடி பிளம்பர் கர்ட்டிஸுக்கு என்று விழாக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. இருபத்திரண்டு வருட வேஷம் கைவிட்டுப் போகும் கவலையில், பாவம், எல்வுட்டுக்கு ஆப்பிள் பையைத் தவிர வேறெதுவும் தொண்டையில் இறங்கவில்லை.

“அந்தக் கேப்டன் முறைச்ச முறைப்பு இருக்கே, இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது” என்றார்.

“முறைக்காம கொஞ்சுவாங்களா? ஜூலை வெயில், கம்பளிக் கோட்டு!”

“எல்லாம் இந்தப் பூட்டால வந்த வினை. இங்கிலீஷ் சரக்குன்னு நம்பி வாங்கினேன்.”

“எந்தப் புண்ணியவான் சொன்னான்? பேர் இல்லை, முத்திரை இல்லை. திருகோட மரையை அளந்தேன், இங்கிலீஷ் அங்குலத்துல இல்லை, மில்லிமீட்டர் கணக்குல இருக்கு. இத்தாலியிலயோ ஸ்பெயின்லயோ வார்த்த நகல் இது. அதான் நீ வரவழைச்ச இங்கிலீஷ் ஸ்பிரிங் ஒண்ணுகூடப் பொருந்தலை.”

“அப்போ குப்பையா?”

“ஏன் குப்பை? மெழுகுவத்திக் கரியைத் தடவி ஓட்டிப் பார்த்தேன். குதிரை ஒரு பக்கமா உரசுது. அந்த இடத்தைத் தேய்ச்சுட்டேன். கல் மோதற தகட்டுல அரத்தை வச்சா வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குது. அவ்வளவு மெத்துனு இருந்தா பொறி எங்கேருந்து வரும்? அதான் காலையில பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினேன். இப்போ நொறுங்காம இருக்க அடுப்புல பதம் வச்சுட்டிருக்கேன்.”

தகடு ஆறியதும் வெர்னா பூட்டை மளமளவென்று மாட்டினார். இருவரும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குதிரையைப் பின்னுக்கு இழுத்து விட்டதும் அந்த இருட்டில் மஞ்சள் பொறி கொட்டியது. பத்து முறை தட்டினார்கள். பத்துக்குப் பத்து!

வெளியே வந்தபோது எல்வுட்டுக்குக் கண் கலங்கியிருந்தது.

“மூணு வாரமா தோட்டத்தைக்கூட எட்டிப் பார்க்காம இதையே கட்டிக்கிட்டு மாரடிச்சியே. எல்லாம் எனக்காகத்தானே?”

“ரொம்ப ஆசைதான் கிழவனுக்கு! எனக்காகத்தான்.”

வெர்னா அலமாரியைத் திறந்து சிவப்புக் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கேப்டனின் ஒட்டு மீசையைக் கண்ணாடி பார்த்து மூக்குக்குக் கீழே அழுத்தினார்.

“இருபத்திரண்டு வருஷமா உன் கையாலதான் செத்துட்டு வரேன், எல்வுட். அந்தக் கர்ட்டிஸ் நூறு தடவை சுட்டாலும் நான் விழமாட்டேன்!”