பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மறுபடியும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன். உங்களுக்காகத்தானே வந்து உக்காந்திருக்கேன்."

பதில் இல்லை. வலப்புறம் தொங்கிய திரையை மீட்டர்காரர் முறைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வாய் கோணிப்போய், பேசவே கூச்சப்படும் ஆசாமி. சரி, பேச வேண்டாம். கட்டிக்கொண்டவள் பக்கம் தலையைத் திருப்பினால் கழுத்தா சுளுக்கிக்கொள்ளும்?

மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் முப்பது வருஷம் வீடு வீடாகக் கதவைத் தட்டியவர் இவர். பெயரே மீட்டர்காரர் என்றாகிவிட்டது. இப்போது இந்த நரம்பியல் வார்டில் பதினோரு நாளாகக் கிடக்கிறார். எட்டிப் பார்க்க ஓர் ஈ காக்காகூட வரவில்லை.

மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. "கண்ணுல கோளாறு இல்ல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே உங்க மூளை மறந்துடுச்சு. யாராவது அந்தப் பக்கமா இருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் பழக்கணும்" என்றார் டாக்டர். மறந்துபோவதற்கு அது என்ன குடையா என்று இவருக்குச் சிரிப்புதான் வந்தது.

சாப்பாட்டில்கூட இங்கே கஞ்சத்தனம். தட்டில் பாதிதான் வைக்கிறார்கள். போதவில்லை என்று முனகினால் நர்ஸ் வந்து தட்டைச் சுழற்றி வைப்பாள். எங்கிருந்தோ இன்னொரு பாதி வந்துவிடும். கைராசிக்காரப் பெண்.

இன்றைக்கு அவள் ஒரு ஃபாரத்தோடு வந்தாள். "நாளைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம் ஐயா."

"வீட்ல யாரும்மா இருக்கா? ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துல சேத்துவிடுங்க. கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"வீட்டம்மாதான் வந்திருக்காங்களே. கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தார். நர்ஸ் இருந்தாள், திரை இருந்தது, ஜன்னலுக்கு வெளியே மழைக்குக் காத்திருக்கும் வானம் இருந்தது. வேறு யாரும் இல்லை. தினமும் இவள் சொல்லும் பொய் இது, ஆறுதலுக்காகச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் ஏமாந்தார்.

"விடும்மா. அவ வரமாட்டா. நான் விழுந்த அன்னிக்குக் காலையிலதான் சண்டை. டீயில சர்க்கரையக் குறைச்சுட்டா. என் உடம்புக்குத்தான் செஞ்சா. அதுக்குப் போய், இனிமே என் கண்ணு முன்னால நிக்காதேன்னு சொல்லிட்டேன். பையைத் தூக்கிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா."

நர்ஸ் ஃபாரத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"வந்தான்னா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தப்பு என்னோடதுதான்னு. அத மட்டும் சொல்லிட்டா, எந்த இல்லத்துல கிடந்தாலும் நிம்மதியாக் கிடப்பேன்."

பூட்டிய வீட்டு வாசல்களில் எத்தனையோ மத்தியானங்கள் தனியாக நின்றிருக்கிறார். இவ்வளவு தனியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வாய்விட்டு அழுதாள். அழும்போது மனைவிமார் குரல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் போலிருக்கிறது. இவர் வீட்டுக்காரியும் இப்படித்தான் விக்கி விக்கி அழுவாள். அதற்குமேல் மீட்டர்காரரால் பொறுக்க முடியவில்லை. திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏன் சார், உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? எனக்குத்தான் யாரும் வரல. உங்களுக்கு வந்திருக்காங்க, பதினோரு நாளா மூச்சு விடாம கூப்பிடறாங்க. திரும்பித்தான் பாருங்களேன், குறைஞ்சா போயிடுவீங்க?"

திரை மெல்ல விலகியது. அந்தப் பக்கம் கட்டிலில் அந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். கோணிய வாயை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக நிதானமாகச் சொன்னார்.

"எனக்குக் கல்யாணமே ஆகல சார். உங்க இடது பக்கத்துல உக்காந்து அவங்க கூப்பிடறது உங்களைத்தான்."